பிள்ளையின் பசியைப் பிள்ளையிடமே விடுவோம்

குழந்தை மருத்துவரின் அறைக்கு வெளியே காத்திருக்கும் தாய்மார்களிடம் பேச்சுக் கொடுத்தால், காய்ச்சலுக்கும் சளிக்கும் அடுத்தபடியாகக் காதில் விழுவது "சாப்பிடவே மாட்டேங்கிறான்" என்ற குறைதான். ஒன்றரை, இரண்டு வயதுப் பிள்ளைகளைப் பெற்றவர்களே இதை அதிகம் சொல்கிறார்கள். வீட்டில் பெரியவர்கள் "புள்ள எளைச்சுப் போச்சே, என்னத்தத்தான் குடுக்கிற?" என்று கேட்டுவிடுகிறார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்து கிண்ணமும் கையுமாக மொட்டை மாடிக்கும் வாசலுக்கும் பிள்ளையின் பின்னால் ஓடுகிறாள் தாய். கடைசியில் கைப்பேசியில் பாட்டு ஓடினால்தான் வாய் திறக்கிறது. ஒரு வேளைச் சோற்றுக்கு ஒரு மணி நேரம் போகிறது.

இந்தத் தாய்மார்களிடம் முதலில் சொல்ல வேண்டியது வளர்ச்சிக் கணக்கு. மூன்று கிலோ எடையில் பிறக்கும் குழந்தை முதல் பிறந்தநாளில் ஒன்பது கிலோவைத் தொடுகிறது. பன்னிரண்டு மாதத்தில் ஆறு கிலோ. பிறந்த எடை ஒரே வருடத்தில் மூன்று மடங்காகும் அந்த வேகம் வாழ்நாளில் இனி வரப்போவதே இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி இரண்டாவது வருடம் முழுவதற்கும் ஏறுவது ஏறத்தாழ இரண்டரை கிலோ. அதற்குப் பிறகு ஐந்து வயது வரை வருடத்துக்கு இரண்டு கிலோ அளவில்தான் கூடும். வளர்ச்சி குறைந்தால் பசியும் குறையும். அதே நேரத்தில் நடக்கப் பழகி, உலகத்தைத் தொட்டுப் பார்க்கும் ஆசையும் வந்துவிடுகிறது. பத்து மாதத்தில் அள்ளிச் சாப்பிட்ட பிள்ளை ஒன்றரை வயதில் நாலு வாய்க்கு மேல் வேண்டாம் என்று முகம் திருப்புவது பெரும்பாலும் நோயல்ல. தாயின் தவறும் அல்ல.

பிள்ளைக்குத் தன் அளவு தெரியுமா என்ற கேள்விக்கு அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஒரு விடை கிடைத்தது. 1920களின் பிற்பகுதியில் கிளாரா டேவிஸ் என்ற குழந்தை மருத்துவர், தாய்ப்பால் மறந்த 15 குழந்தைகளை வைத்து ஒரு சோதனை நடத்தினார். பல வருடங்கள் நீடித்த சோதனை அது. பட்டியலில் இருந்தவை 34 உணவுகள். வேளைக்குச் சிலவற்றைத் தனித்தனிக் கிண்ணத்தில் வைத்துவிடுவார்கள். பக்கத்தில் இருக்கும் செவிலியர் இதைச் சாப்பிடு என்று சொல்லக் கூடாது, ஊட்டவும் முந்தக் கூடாது. குழந்தை எதையாவது சுட்டிக் காட்டினால் மட்டும் ஒரு கரண்டி எடுத்துத் தரலாம். ஒரு பிள்ளை ஒரு நாள் முட்டையாகத் தின்னும், இன்னொரு நாள் பழத்தைத் தவிர எதையும் தொடாது. ஆனால் மாதக் கணக்கில் கூட்டிப் பார்த்தபோது எல்லோரும் நன்றாக வளர்ந்திருந்தார்கள். எலும்பு வலுவிழக்கும் ரிக்கெட்ஸ் நோயோடு வந்த ஒரு குழந்தைக்கு மீன் எண்ணெயை ஒரு கிண்ணத்தில் வைத்தார்கள். நோய் தீரும் வரை அவ்வப்போது தானாகவே குடித்துவந்த அந்தக் குழந்தை, பிறகு விட்டுவிட்டது. குழந்தைகளை வீட்டிலிருந்து பிரித்து இப்படி வளர்ப்பதை இன்றைய மருத்துவ நெறி அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது.

இந்தச் சோதனையைச் சொல்பவர்கள் பலர் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். டேவிஸ் தாமே 1939இல் எழுதிய அறிக்கையில் மீதிப் பாதி இருக்கிறது. அந்த 34 உணவுகளில் சர்க்கரை இல்லை, தீட்டிய வெள்ளை மாவு இல்லை, டப்பாவில் அடைத்தது எதுவும் இல்லை. எதை எடுத்தாலும் நல்லதாக இருக்கும்படி பட்டியலைப் பெரியவர்கள் போட்டிருந்தார்கள். பிள்ளைகளின் பசி சரியாக வழிகாட்டியது அதனால்தான். அமெரிக்க உணவியலாளர் எலன் சாட்டர் 1980களில் இதையே வீட்டுக்கு ஏற்ற விதியாகச் சொன்னார். எதைத் தருவது, எப்போது, எங்கே என்பது பெற்றோரின் பொறுப்பு. சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பது பிள்ளையின் பொறுப்பு. நம் வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. என்ன வேண்டும் என்று பிள்ளையைக் கேட்டு பிஸ்கட்டோ நூடுல்ஸோ கொடுக்கிறோம். எவ்வளவு என்பதை மட்டும் நாம் முடிவுசெய்து திணிக்கிறோம்.

திணித்தால் என்ன ஆகும் என்பதையும் சோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஆய்வாளர் லியான் பிர்ச் குழுவினர் பள்ளி செல்லும் வயதை எட்டாத பிள்ளைகளுக்கு இரண்டு வகை சூப் கொடுத்தார்கள். ஒன்றைக் கொடுக்கும்போது "சூப்பைக் குடித்து முடி" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். இன்னொன்றைச் சும்மா வைத்துவிட்டார்கள். 2006இல் வெளியான முடிவு இது: வற்புறுத்தாமல் வைத்த சூப்பையே பிள்ளைகள் கூடுதலாகக் குடித்தார்கள். வற்புறுத்தியபோது குறை சொல்வதுதான் அதிகமானது.

கைப்பேசி இதைவிட மோசம். படம் பார்க்கும் பிள்ளைக்கு வயிறு நிறைந்தது தெரிவதில்லை, வாயில் இருப்பது கீரையா கிழங்கா என்பதும் தெரிவதில்லை. உணவோடு பழக்கமே ஏற்படாமல் வேளைகள் கழிகின்றன. இரண்டு வயது வரை திரையே வேண்டாம், ஐந்து வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் பரிந்துரை. அந்த ஒரு மணி நேரமும் சாப்பாட்டு நேரமாக இருக்கக் கூடாது.

பசியைக் கொல்வது எது?

சாப்பிடாத பிள்ளையின் ஒரு நாளை அப்படியே எழுதிப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். எழுந்ததும் ஒரு டம்ளர் பால். பத்து மணிக்கு நாலு பிஸ்கட். சோறு இறங்கவில்லையே என்று மத்தியானம் இன்னொரு டம்ளர் பால். சாயங்காலம் சத்துப் பொடி கலந்து ஒன்று, படுக்கும்போது புட்டியில் ஒன்று. இத்தனைக்கும் நடுவே பசி எங்கிருந்து வரும்?

பால் நல்ல உணவுதான். ஆனால் அதில் இரும்புச்சத்து மிகமிகக் குறைவு. ஒரு வயதுக்கு மேல் நாளுக்கு அரை லிட்டரைத் தாண்டினால் பால் மற்ற உணவின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, இரத்தச்சோகை வருகிறது. சோகை வந்த பிள்ளைக்குப் பசி மேலும் மங்கும். சிணுங்கும், சீக்கிரம் சோர்ந்துபோகும், மண்ணையும் சாம்பலையும் சுவர்ச் சுண்ணாம்பையும் தின்னும். மண் தின்னும் பிள்ளையை அடிக்காதீர்கள். இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் இந்தியாவில் 67 சதவீதத்தினருக்கும், தமிழ்நாட்டில் 57 சதவீதத்தினருக்கும் இரத்தச்சோகை இருக்கிறது. குழந்தைகளின் உணவு என்று பேசும்போது தமிழ்நாடு முதலில் கவலைப்பட வேண்டியது இந்த எண்ணைப் பற்றித்தான். பிள்ளையின் எடையைப் பற்றி வருந்தும் அளவுக்கு அதன் இரத்தத்தைப் பற்றி நாம் வருந்துவதில்லை.

சத்துப் பொடிகளின் கதை வேறு. அவற்றில் பலவற்றில் சர்க்கரைதான் பெரும்பங்கு. 2024 ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகம், இத்தகைய பானங்களை 'ஆரோக்கிய பானம்' என்ற தலைப்பின்கீழ் விற்க வேண்டாம் என்று இணைய விற்பனை நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. நாட்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே வரையறுக்கப்படவில்லை என்பது காரணம். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் 'பசி டானிக்' இன்னும் கவலைக்குரியது. பலவற்றில் இருப்பது சைப்ரோஹெப்டடின் என்ற ஒவ்வாமை மருந்து. அதைக் குடித்தால் தூக்கம் வரும். மருத்துவர் எழுதித் தராமல் அதைத் தொடவே கூடாது.

பந்தியில் கற்பது

தனியாக உட்காரவைத்து ஊட்டினால் வாயை மூடிக்கொள்ளும் பிள்ளை, அங்கன்வாடியில் மற்றவர்களோடு உட்கார்ந்தால் தட்டைக் காலி செய்கிறது. லியான் பிர்ச் 1980இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. ஒரு காயைப் பிடிக்காத பிள்ளையை, அந்தக் காயை விரும்பித் தின்னும் பிள்ளைகளோடு நாலு நாள் மதியம் உட்காரவைத்தார்கள். அது தானாகவே அந்தக் காயை எடுக்கத் தொடங்கியது. தமிழ்நாட்டில் 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய காலை உணவுத் திட்டத்தை வயிற்றுக்கான திட்டமாக மட்டும் நான் பார்ப்பதில்லை. ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் சேர்ந்து உட்கார்ந்து, காய்கறி போட்ட சாம்பாரோடு உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் சாப்பிடுகிறார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் சாப்பிடப் பழகும் இடம் அது.

வீட்டிலும் இது முடியும். ஒரு வேளையாவது எல்லோரும் ஒன்றாக உட்காருங்கள். நீங்கள் சாப்பிடும் கீரையையே பிள்ளையின் தட்டிலும் ஒரு கரண்டி வையுங்கள். தொடாவிட்டால் பேசாமல் எடுத்துவிடுங்கள், அடுத்த வாரம் மறுபடி வையுங்கள். புதுக் காய் பிடித்துப்போக எட்டு, பத்து தடவை, சில பிள்ளைகளுக்கு அதற்கு மேலும் ஆகும். இரண்டே தடவையில் "இவனுக்குக் கத்தரிக்காய் ஆகாது" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். வேளைக்கு வேளை இரண்டரை, மூன்று மணி நேர இடைவெளி விட்டு, நடுவில் தண்ணீர் மட்டும் கொடுங்கள். அரை மணி நேரத்துக்கு மேல் தட்டை நீட்டிக்கொண்டிருக்க வேண்டாம். சிறுதீனிக்குச் சுண்டல், கொய்யா, வாழைப்பழம், கேழ்வரகுப் புட்டு போதும். நூறு கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது. நிலக்கடலையைச் சின்னப் பிள்ளைகளுக்கு முழுதாகத் தராதீர்கள். மூச்சுக்குழாயில் சிக்கும், பொடித்துத் தாருங்கள். கீரை, பருப்புச் சாதத்தோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்புச்சத்து நன்றாக உடம்பில் சேரும். சாப்பாட்டோடு தரும் காபியும் டீயும் அதைத் தடுக்கும். பிள்ளைகளுக்கு அவை வேண்டாம்.

எப்போது உண்மையாகவே பயப்பட வேண்டும்? எடை கூடாமல் நின்றாலோ இறங்கினாலோ, விழுங்கும்போதெல்லாம் இருமலோ குமட்டலோ வந்தாலோ, இரண்டு மூன்று உணவைத் தவிர வேறெதையும் மாதக் கணக்கில் ஏற்காவிட்டாலோ, எந்நேரமும் சோர்ந்து கிடந்தாலோ மருத்துவரைப் பார்க்கத் தாமதிக்கக் கூடாது. இவற்றில் எதுவும் இல்லாமல் ஓடியாடி விளையாடும் பிள்ளை, தனக்குத் தேவையானதைச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

அடுத்த முறை அங்கன்வாடிக்கோ தடுப்பூசிக்கோ போகும்போது பிள்ளையின் வளர்ச்சி அட்டையை மறக்காமல் எடுத்துப் போங்கள். எடையை அதிலுள்ள வளர்ச்சிக் கோட்டில் குறித்துத் தரச் சொல்லுங்கள். வீட்டில் யாராவது பிள்ளை இளைத்துவிட்டது என்றால் அந்தக் கோட்டைக் காட்டுங்கள்.