ஒரு காது கேட்டால் உதவித்தொகை கிடையாதா?

ஒரு காது சுத்தமாகக் கேட்காது. மற்றது நன்றாகக் கேட்கும். இவருக்கு மாற்றுத்திறனாளி உதவித்தொகை உண்டா? கிடையாது. மனு தள்ளுபடியான பிறகுதான் பலருக்கும் இது தெரியவருகிறது.

காரணம் ஒரு கணக்கு. மருத்துவர் இரண்டு காதுக்கும் தனித்தனியே இழப்புச் சதவீதம் போடுவார். நன்றாகக் கேட்கும் காதின் சதவீதத்தை ஐந்தால் பெருக்கி, மோசமான காதின் சதவீதத்தைக் கூட்டி, ஆறால் வகுப்பார். ஒரு காதுக்கு 100, மறு காதுக்கு 0 என்றால் விடை 17-ஐத் தொடாது. சலுகைகளுக்கு வேண்டியதோ குறைந்தது 40. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் (2016) இரண்டு காதுகளையும் சேர்த்தே பார்க்கிறது: இரண்டிலும் 70 டெசிபல் இழப்பு இருந்தால் காது கேளாதவர், 60 முதல் 70 வரை என்றால் கேட்கும் திறன் குறைந்தவர். நாம் எதிரெதிரே உட்கார்ந்து பேசும் சத்தமே ஏறத்தாழ 60 டெசிபல்தான்!

40 வாங்கியவர்களுக்கும் ஒரு சிக்கல் உண்டு. மத்திய அரசின் இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 80 சதவீதம் கேட்கிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும், வயது 18 ஆகியிருக்க வேண்டும். மத்திய அரசின் பங்கு மாதம் 300 ரூபாய். தமிழ்நாட்டு வருவாய்த்துறையின் ஓய்வூதியத்துக்கு 40 சதவீதம் போதும், ஆனால் வருமான வழியில்லாதவராக இருக்க வேண்டும். அந்தத் தொகை 2023 ஜனவரியில் 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆனது.

இந்தத் தொகை இரக்கத்தால் வருவதல்ல. மற்றவர்களுக்கான இதே மாதிரித் திட்டங்களைவிடக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாகத் தர வேண்டும் என்று அதே சட்டத்தின் 24-ஆம் பிரிவு சொல்கிறது. 2023 ஆகஸ்டில் முதியோர் ஓய்வூதியம் 1,200 ஆனபோது வித்தியாசம் சரியாக அந்த 25 சதவீதத்தில் வந்து நின்றது. ஒரு ரூபாய் கூடுதல் இல்லை.

“மிஷின் மாட்டினா கேக்குதே” என்று யாராவது சொன்னால் தயங்க வேண்டாம். காதொலிக் கருவியைக் கழற்றிவிட்டுத்தான் பரிசோதனை. கேட்பவர் கேட்காததுபோல நடிக்கவும் வழியில்லை: சந்தேகம் வந்தால் ‘பெரா’ பரிசோதனைக்கு அனுப்புவார்கள். தலையில் ஒட்டிய மின்முனைகள் மூளைக்கு ஒலி போய்ச் சேருகிறதா என்று காட்டிவிடும். பொய்ச் சான்றிதழில் பணம் வாங்கினால் இரண்டாண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே.

சதவீதம் குறைத்துப் போடப்பட்டதாகத் தோன்றினால் அதே உரிமைச் சட்டத்தின் 59-ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். அதற்கு ஆடியோகிராம் (கேட்கும் திறன் வரைபடம்) நகல் கைகொடுக்கும். பரிசோதனை முடிந்த அன்றே கேட்டு வாங்கிவிடுங்கள்.