மஞ்சள் கல்லீரல் வரை போய்ச் சேருமா?

(பண்ணை நிகழ்ச்சியில் ஒலிபரப்பான உரை)



போன அறுவடை சமயத்தில் ஈரோட்டுப் பக்கம் ஒரு மஞ்சள் களத்துக்குப் போயிருந்தேன். வேக வைத்த மஞ்சள் காய்ந்து கொண்டிருந்தது. தோட்டக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏனுங்க சார், எங்கண்ணனுக்குக் கல்லீரல்ல புற்றுநோய்னு சொல்லிட்டாங்க. மஞ்சளுக்குப் புற்றைக் கொல்ற சக்தி உண்டுன்னு எல்லாரும் சொல்றாங்களே, நம்ம தோட்டத்து மஞ்சளையே இடிச்சு தினம் மூணு கரண்டி குடுக்கறோம். கேட்கலைன்னா ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு இருக்கோம்" என்றார்.

"எத்தனை நாளாக?" என்றேன்.

"ரெண்டு மாசம் ஆச்சுங்க."

அன்றைக்கு அவரிடம் சொன்னதைத்தான் இன்று உங்களிடமும் சொல்லப் போகிறேன்.

மஞ்சளுக்கு அந்த நிறத்தைக் கொடுப்பது குர்குமின் என்ற பொருள். ரகத்தையும் மண்ணையும் பொறுத்து, நூற்றுக்கு 2 முதல் 5 பங்கு வரை இருக்கும். ஆராய்ச்சிச் சாலையில் கண்ணாடித் தட்டில் வளர்க்கும் கல்லீரல் புற்றுச் செல்கள் மேல் இதைக் கரைத்து ஊற்றினால் அவை பெருகுவது குறைகிறது, பல செத்தும் போகின்றன. இது பொய்யில்லை. ஆனால் தட்டில் ஊற்றுவது வேறு, வாயில் போட்டது கட்டிக்குப் போய்ச் சேருவது வேறு. தலைமடையில் ஷட்டரைத் தூக்கிவிட்டால் போதுமா? கடைமடைக்காரரைக் கேட்டால் தெரியும்.

குர்குமின் தண்ணீரில் கரையாது. எண்ணெயில் கரையும். தண்ணீரில் கரையாத பொருளைக் குடல் சுலபத்தில் உறிஞ்சாது, பெரும்பங்கு மலத்தோடு போய்விடும். மிச்சத்தில் ஒரு பகுதி குடலின் காரத் தன்மையில் சிதைகிறது. தப்பிப் பிழைத்து உள்ளே நுழைவதையும் குடல் சுவரும் கல்லீரலும் விடுவதில்லை. வெளியே தள்ள வேண்டிய சரக்கு என்று எண்ணி, அதோடு வேறு பொருள்களை ஒட்டி உருமாற்றி அனுப்பிவிடுகின்றன. வேடிக்கையைப் பாருங்கள்: எந்தக் கல்லீரலுக்காக மருந்து சாப்பிடுகிறோமோ, அந்தக் கல்லீரலே அதைக் கழித்துக் கட்டுகிறது.

இதை மனிதரிடமே பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் லெஸ்டர் நகர ஆராய்ச்சியாளர்கள் 2004-ல் வெளியிட்ட ஆய்வு அது. பெருங்குடலில் தோன்றிய புற்று கல்லீரலுக்குப் பரவிய 12 பேருக்கு, அறுவைச் சிகிச்சைக்கு முன் ஏழு நாள் குர்குமின் மாத்திரை கொடுத்தார்கள். அதிக அளவு நாளைக்கு 3.6 கிராம். நூற்றுக்கு 3 பங்கு குர்குமின் உள்ள மஞ்சளாக இருந்தால் 120 கிராம் தூள் தின்றால்தான் அவ்வளவு கிடைக்கும். நம்மவர் கொடுத்த மூன்று கரண்டி எந்த மூலைக்கு? பிறகு வெட்டி எடுத்த கல்லீரல் திசுவைச் சோதித்தபோது அதில் குர்குமின் அகப்படவில்லை. அது உருமாறிய பொருள்கள்தான் துளித்துளி இருந்தன.

"மிளகு சேர்த்தால் ஏறும் என்கிறார்களே?" என்று கேட்பீர்கள். பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் செய்து 1998-ல் வெளிவந்த ஆய்வு அது. 2 கிராம் குர்குமினோடு, மிளகின் காரப் பொருளான பைப்பரின் 20 மில்லிகிராம் கொடுத்தபோது ரத்தத்தில் சேர்ந்தது இருபது மடங்காயிற்று. ஆனால் ஒன்றுமே இல்லாததற்குப் பக்கத்தில் இருப்பதை இருபதால் பெருக்கினால் எவ்வளவு வரும்? மேலும், பைப்பரின் செய்வது கல்லீரலின் கழிக்கும் வேலையைத் தடுப்பது. அந்தச் சமயம் நோயாளி சாப்பிடும் வேறு மருந்துகளும் கழியாமல் ரத்தத்தில் தேங்கலாம். ஏற்கெனவே நொந்து போன கல்லீரலில் இது விளையாட்டான காரியம் இல்லை.

அதனால் ஆராய்ச்சிக்காரர்கள் வேறு வாய்க்கால் வெட்டப் பார்க்கிறார்கள். சோயாவிலிருந்து எடுக்கும் லெசித்தின் போன்ற கொழுப்பில் குர்குமினைப் பொதிந்து, கண்ணுக்குத் தெரியாத குமிழிகளாக்குவது ஒரு வழி. குமிழி ரத்தத்தில் மிதந்து போகும். எங்கே இறங்க வேண்டும் என்று அதற்கு எப்படித் தெரியும்? கல்லீரல் செல்களின் மேல், கேலக்டோஸ் என்ற சர்க்கரையைப் பிடித்துக்கொள்ளும் கொக்கிகள் உண்டு. குமிழியின் மேல் அந்தச் சர்க்கரையை ஒட்டிவிட்டால் செல் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். நல்ல யோசனைதான். ஆனால் புற்று முற்ற முற்ற அந்தக் கொக்கிகள் குறைந்துபோகின்றன. போதாததற்கு, கல்லீரலில் காவல் காக்கும் செல்கள் வழியிலேயே குமிழிகளை விழுங்குகின்றன. எலிகளில் கட்டி சுருங்கியது என்று நிறையச் செய்தி வருகிறது. கல்லீரல் புற்றுக்கென்று அங்கீகாரம் பெற்ற குர்குமின் மருந்து இன்றுவரை ஒன்றுகூட இல்லை.

ஏற்கெனவே ஆஸ்பத்திரிகளில் நடப்பில் உள்ள ஒரு வாய்க்காலையும் சொல்லிவிடுகிறேன். கல்லீரலுக்கு இரண்டு வழியாக ரத்தம் வருகிறது. நல்ல பகுதி முக்கால்வாசி ரத்தத்தைக் குடலிலிருந்து வரும் சிரை வழியாக வாங்குகிறது. கட்டியோ பெரும்பாலும் தமனியில்தான் குடிக்கிறது. ஆகவே மெல்லிய குழாயைத் தொடை இடுக்கு வழியாகத் தமனிக்குள் ஏற்றி, கட்டிக்குப் போகும் கிளையிலேயே மருந்தை விட்டு, பிறகு அந்தக் கிளையை அடைத்துவிடுகிறார்கள். மருந்தைக் குழைத்து அனுப்ப லிப்பியோடால் என்ற எண்ணெய் உதவுகிறது. அது என்ன தெரியுமா? நாம் குழம்புக்கு அரைக்கும் கசகசாவின் எண்ணெயில் அயோடின் சேர்த்தது! அது கட்டியிலே தங்கிவிடும். 1980-களில் ஜப்பானிய டாக்டர்கள் இந்த வழியை வளர்த்தார்கள். அதில் பொதுவாகப் போகும் மருந்து, மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து வந்தது. செடி இங்கே மருந்தாக இல்லாமல் வண்டியாக உதவுகிறது.

கடையில் விற்கும் மஞ்சள் காப்ஸ்யூல் பற்றி ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவில் 2004 முதல் 2022 வரை, மஞ்சள் காப்ஸ்யூல் போன்றவற்றால் கல்லீரல் கெட்ட 10 பேரை ஒரு மருத்துவக் குழு ஆராய்ந்தது. சிலர் மிளகுச் சத்து சேர்த்ததைச் சாப்பிட்டவர்கள். ஒருவர் இறந்துபோனார். உடலில் நன்றாக ஏறும்படி செய்த சரக்கு தீமையையும் ஏற்றிவிடலாம்.

நம் தோட்டக்காரர் மறு வாரமே அண்ணனை அழைத்துப் போனார். மஞ்சள் தூள் டப்பாவையும் கையோடு கொண்டுபோய் டாக்டர் மேஜையில் வைத்தாராம். இரண்டு மாதம் முன்னால் வந்திருந்தால் வெட்டி எடுத்திருக்கலாம், இப்போது தமனி வழியாகத்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். முதல் தடவை முடிந்து அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டார். அடுத்த ஸ்கேன் தை மாதம்.

"குழம்புல மஞ்சள் போடலாமான்னு கேட்டேனுங்க. தாராளமாப் போடுங்க, கரண்டிக் கணக்குல மட்டும் வேண்டாம்னாரு" என்று போனில் சொன்னார்.