மருந்தா... மறதியா? 2,400 ஆண்டுகளாகத் தொடரும் விவாதம்!

செல்போனைப் பார்க்காமல் எத்தனை பேரின் எண்களை உங்களால் சொல்ல முடியும்? அம்மா, அப்பா, கணவன் அல்லது மனைவி... அதற்கு மேல் பலருக்கும் திணறல்தான். எஸ்.டி.டி பூத் காலத்தில் பத்துப் பதினைந்து எண்களைச் சரளமாகச் சொன்னவர்களுக்கும் இன்று இதே நிலைதான்!

``எல்லாத்தையும் போன்ல போட்டுட்டு மூளையை மழுங்க விடுறீங்க” என்று வீட்டுப் பெரியவர்கள் புலம்புவார்கள். இது இன்று நேற்று எழுந்த புலம்பல் அல்ல. கிரேக்க ஞானி சாக்ரடீஸுக்கும் இதே கவலை இருந்தது. ஆனால், அவர் கவலைப்பட்டது எழுத்தைப் பார்த்து!

மர நிழலில் ஓர் உரையாடல்

சாக்ரடீஸ் எந்தப் புத்தகமும் எழுதவில்லை. கேள்வி கேட்டு, பேசிப் பேசியே உண்மையைத் தேடியவர். அவருடைய மாணவர் பிளேட்டோ எழுதிய நூல்களில் ஒன்று, `ஃபீட்ரஸ்'. ஏதென்ஸ் நகருக்கு வெளியே, ஆற்றங்கரை மர நிழலில் சாக்ரடீஸும் ஃபீட்ரஸும் பேசிக்கொள்வதுதான் முழு நூலும். பேச்சு எங்கெங்கோ சுற்றி, எழுத்தில் வந்து நிற்கிறது. அப்போது சாக்ரடீஸ் ஓர் எகிப்தியக் கதையைச் சொல்கிறார்.

கணக்கு, வடிவியல், வானியல் எனப் பலவற்றையும் கண்டுபிடித்த தெய்வம் தெவுத். அது எழுத்தையும் கண்டுபிடித்து, மன்னர் தாமுஸிடம் கொண்டுவருகிறது. `இது நினைவாற்றலுக்கான மருந்து' என்று பெருமையாகச் சொல்கிறது. மன்னர் ஏற்கவில்லை. `எழுதிவைத்திருக்கிறோம்' என்ற தைரியத்தில் மக்கள் எதையும் மனதில் பதியவைக்க மாட்டார்கள். விஷயம் தெரிந்தவர்கள்போலத் தோன்றுவார்கள், உள்ளே ஒன்றும் இருக்காது என்பது அவர் வாதம்.

`மருந்து' என்ற இடத்தில் வரும் கிரேக்கச் சொல், `ஃபார்மகான்'. அதற்கு நஞ்சு என்றும் பொருள் உண்டு. நம் ஊரில் வயலுக்கு அடிக்கும் பூச்சிக்கொல்லியையும் `மருந்து' என்றுதானே சொல்கிறார்கள்!

இன்னொரு குறையும் சாக்ரடீஸுக்கு இருந்தது. ஓவியத்தில் இருப்பவர் உயிரோடு இருப்பதுபோலவே தெரிவார். கேள்வி கேட்டால் வாய் திறக்க மாட்டார். எழுத்தும் அப்படித்தான். எத்தனை முறை கேட்டாலும் அதே வரிதான். `ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்று நம்மவர்கள் சொல்வதும் கிட்டத்தட்ட இதைத்தான்.

எழுதியதால் பிழைத்தவை

இதில் ஒரு வேடிக்கை... எழுத்தைக் குறைசொன்ன சாக்ரடீஸின் வார்த்தைகள் நமக்குக் கிடைத்திருப்பதே, பிளேட்டோ எழுதிவைத்ததால்தான். ஓலைச்சுவடிகளில் ஏறியிராவிட்டால், உ.வே.சாமிநாதையர் தேடித் தேடிப் பதிப்பித்த சங்க நூல்கள் நம் கைக்கு வந்திருக்குமா?

ஆனாலும் மன்னரின் எச்சரிக்கையைத் தள்ளிவிடவும் முடியாது. 2011-ல் `சயின்ஸ்' இதழில் வெளியான ஓர் ஆய்வு, `கம்ப்யூட்டர் சேமித்துவைக்கும்' என்று நம்பியவர்கள் அந்தத் தகவலைக் குறைவாகவே நினைவில் வைத்திருந்தார்கள் என்று சொன்னது.

மறுபக்கம், லண்டன் டாக்ஸி டிரைவர்கள். சுமார் 25,000 தெருக்களை மனப்பாடம் செய்து தேர்வு எழுதினால்தான் அவர்களுக்கு உரிமம். அந்தத் தேர்வுக்குப் பெயரே `தி நாலெட்ஜ்', அதாவது `அறிவு'! இடங்களை நினைவில் வைக்கும் மூளைப் பகுதியின் பின்புறம் அவர்களுக்குப் பெரிதாக இருப்பதை, 2000-ல் வெளியான ஆய்வு காட்டியது. பழக்கினால் மூளை வளைந்துகொடுக்கும்.

பேசும் ஏடு

இன்று ஏ.ஐ வந்துவிட்டது. `கேட்டால் பதில் சொல்லாது' என்ற சாக்ரடீஸின் குறையும் தீர்ந்ததுபோலத் தெரிகிறது. ஏடு பேசுகிறது! ஆனால், சாக்ரடீஸின் பெருமை பதில் சொன்னதில் இல்லை. எதிரே இருப்பவரை யோசிக்கவைத்ததில் இருக்கிறது. வீட்டுப்பாடத்தை ஏ.ஐ-யிடம் கொடுத்து நொடியில் முடிக்கும் பிள்ளைக்கு விடை கிடைத்துவிடும். யோசித்த அந்த அரை மணி நேரம்தான் கிடைக்காது.

இதற்காக போனைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. தேடுவதற்கு முன் ஒரு நிமிடம் யோசித்துப் பார்க்கலாம். படித்ததை இரவுச் சாப்பாட்டின்போது வீட்டில் யாரிடமாவது சொந்த வார்த்தைகளில் சொல்லலாம். சொல்ல வந்தால், அது உங்கள் அறிவு. திணறினால், அது இன்னும் போனில்தான் இருக்கிறது.

வெளியூரில் ஒருநாள் போன் தொலைந்தால், பக்கத்தில் இருப்பவரிடம் போன் வாங்கி யாரை அழைப்பீர்கள்? அந்த ஓர் எண்ணையாவது இன்றைக்கே மனப்பாடம் செய்துவிடுங்கள்!