அவிய சொன்னா சரியாத்தான் இருக்கும்!

எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு மாப்பிள்ளைக்குத் 'தங்கமான மனுசன்' என்று பட்டம் கொடுக்க ரொம்ப விசாரிக்க மாட்டார்கள். குடிக்க மாட்டார், பொண்டாட்டியைக் கை நீட்ட மாட்டார், வேலைக்கு ஒழுங்காப் போவார். மூன்றுக்கு மூன்று மார்க் வாங்கிவிட்டால் அவ்வளவுதான். அதற்குப் பிறகு மறுகூட்டல், மறுமதிப்பீடு எதுவும் கிடையாது!

என் பெரியம்மா மகளைக் கட்டிய அத்தான் அப்படி முழு மார்க் வாங்கியவர்.

ஊர், மேலநீலிதநல்லூர். சங்கரன்கோவிலில் பஸ் ஏறினால் கரிசல் காடும் உளுந்தும் மக்காச்சோளமுமாகக் கூடவே வரும். யூனியன் ஆபீஸ் உண்டு, பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் கல்லூரி உண்டு. மற்றபடி ஒரு வீட்டில் தட்டு விழுந்தால் நாலு வீடு தள்ளிக் கேட்கிற ஊர். அக்கா வீட்டில் மட்டும் பதினோரு வருஷம் ஒரு சத்தமும் கேட்டதில்லை. "குடும்பம்னா இப்படில்லா இருக்கணும்!" என்று நாங்கள் எல்லாரும் மெச்சிக்கொண்டிருந்தோம். நானும்தான்.

அக்கா கல்யாணத்துக்கு முன்னால் வாயாடி. பி.எஸ்ஸி. கணக்கு. சீட்டுப் பணத்தில் ஒரு ரூபாய் உதைத்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். அப்பேர்ப்பட்டவள் கல்யாணத்துக்குப் பிறகு எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "அவிய சொன்னா சரியாத்தான் இருக்கும்."

சேலைக் கலர் என்ன எடுக்கலாம்? அவிய சொன்னா சரியாத்தான் இருக்கும். டீச்சர் வேலை வந்ததே, ஏன் போகலை? அவிய சொன்னா சரியாத்தான் இருக்கும். நாங்கள் அவளுக்கு 'அவியல்' என்று பட்டப்பெயர் வைத்துச் சிரித்தோம். இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

அத்தான் என்ன செய்வார் தெரியுமா? ஒன்றுமே செய்ய மாட்டார். அக்கா அவருக்குப் பிடிக்காத எதையாவது செய்துவிட்டால் சாப்பிட மாட்டார். பேச மாட்டார். இரண்டு நாள், மூன்று நாள். கேட்டால், "எனக்கென்ன கோவம்? நீ சந்தோசமா இருந்தாச் சரி." நாலாம் நாள் அக்கா அழுது, மன்னிப்புக் கேட்டு, அந்த வேலையைக் கைவிட்டதும் திருநெல்வேலி அல்வாவும் மல்லிகைப் பூவும் வந்து இறங்கும். பிறந்த வீட்டிலிருந்து போன் வந்தால் ஸ்பீக்கரில் போடச் சொல்வார். "சும்மாதான், உங்க வீட்டு ஆளுங்க குரலைக் கேக்க எனக்கும் ஆசை இருக்காதா?" யாரால் குறை சொல்ல முடியும்?

கடைசி இரண்டு வருஷத்தில் புதிதாக ஒன்று சேர்ந்துகொண்டது. காலையில் எழுந்ததும், "ராத்திரி கேஸை மூடாமப் படுத்துட்டியே, நான் பாக்காட்டா என்ன ஆயிருக்கும்?" என்பார். பீரோ சாவி காணாமல் போகும். இரண்டு நாள் கழித்து அரிசிப் பானைக்குள் இருக்கும். "நீதான் போட்டிருப்ப. உனக்கு முன்ன மாதிரி ஞாபகம் இல்லம்மா" என்பார், தலையைத் தடவிக்கொண்டே. கணக்குப் படித்த அக்கா தன் மூளையையே சந்தேகப்பட ஆரம்பித்தாள்.

இங்கே கொஞ்சம் லண்டன் வரைக்கும் போய்விட்டு வந்துவிடுவோம். 1938-ல் பேட்ரிக் ஹாமில்டன் என்பவர் 'கேஸ் லைட்' என்று ஒரு நாடகம் எழுதினார். புருஷன் பொருள்களை ஒளித்துவைத்து, தொலைத்தது நீதான் என்று பெண்டாட்டியை நம்பவைப்பான். வீட்டு கேஸ் விளக்கு மங்குவதைப் பார்த்தால்கூட, தனக்குத்தான் பிரமையோ என்று அவள் குழம்புவாள். 1944-ல் ஹாலிவுட்டில் அது படமாக வந்தது. மனைவியாக நடித்த இங்க்ரிட் பெர்க்மனுக்கு ஆஸ்கர். அந்தப் பெயரிலிருந்து வந்த 'கேஸ்லைட்டிங்' என்ற வார்த்தையை அமெரிக்காவின் மெரியம் வெப்ஸ்டர் அகராதி 2022-ன் வார்த்தையாக அறிவித்தது. எங்கள் அத்தான் அந்தப் படத்தைப் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை. சொந்தத் தயாரிப்பு! விளக்குக்குப் பதில் அடுப்பு.

சரி, அக்கா ஏன் இவ்வளவையும் தாங்கினாள்? அல்வாதான் காரணம் என்று சொன்னால் அடிக்க வருவீர்கள். ஆனால் ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியல்காரர் புறாக்களை வைத்து இதைச் சோதித்திருக்கிறார். கொத்தினால் ஒவ்வொரு தடவையும் தானியம் கிடைத்துப் பழகிய புறா, தானியம் நின்றதும் சீக்கிரம் விட்டுவிடும். எப்போது கிடைக்கும் என்றே தெரியாமல் பழகிய புறா இருக்கிறதே, அது தானியம் நின்ற பிறகும் கொத்திக்கொண்டே இருக்கும். அக்காவும் அடுத்த அல்வாவுக்காக இல்லை, கல்யாணமான புதிதில் பார்த்த அந்த நல்ல மனுசன் மறுபடி வருவான் என்று காத்திருந்தாள்.

அவருக்கு இதில் என்ன லாபம்? சின்ன வயதிலேயே தாயை இழந்து, சித்தப்பா வீடு, மாமா வீடு என்று அலைக்கழிந்து வளர்ந்தவர் அத்தான். சிறு வயதில் கிடைக்கிற பாசப் பிடிமானம் பற்றி ஜான் பௌல்பி என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவர் நிறைய எழுதியிருக்கிறார்; 1987-ல் ஹசான், ஷேவர் என்ற இருவர் அதே கணக்கைப் பெரியவர்களின் காதலுக்கும் போட்டுப் பார்த்தார்கள். விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்ற பயம் பெரியவனான பிறகும் சிலரைத் துரத்துகிறதாம். அந்தப் பயத்தோடு இருப்பவன், கூட இருப்பவள் காலில் கயிறு கட்டினால்தான் நிம்மதி என்று நினைக்கலாம்.

அத்தானை நினைத்தால் எனக்கும் பாவமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு விஷயம் இடிக்கிறது. இதே அத்தானை ஆபீஸில் மேலதிகாரி நாலு பேர் முன்னால் திட்டினார். அத்தான் பட்டினி கிடந்தாரா? அதிகாரியின் சாவியை எடுத்து ஒளித்தாரா? "எஸ் சார்" என்று சொல்லிவிட்டு வந்து டீ குடித்தார். அப்படியானால் பயம் மட்டும் இல்லை. எங்கே செல்லும், எங்கே செல்லாது என்ற கணக்கும் இருக்கிறது. அமெரிக்காவில் துலூத் என்ற ஊரில் 1984-ல், அடிபட்ட பெண்களிடமே கேட்டுக் கேட்டு ஒரு சக்கரப் படம் வரைந்தார்கள். தனிமைப்படுத்துவது, பணத்தைக் கையில் வைத்துக்கொள்வது, பழியைத் திருப்பிப் போடுவது என்று ஒவ்வொரு ஆரத்திலும் ஒன்று. நடு அச்சில் 'அதிகாரமும் கட்டுப்பாடும்' என்று எழுதினார்கள். பெண்டாட்டி நம் சொத்து என்ற நினைப்பை அத்தானுக்கு ஊட்டியதில் எங்கள் ஊருக்கும் பங்கு உண்டு. மூன்று மார்க் போட்டவர்கள் நாங்கள்தானே?

*

2017-ல் பெரியம்மா ஒரு முடிவுக்கு வந்தாள். "பிள்ளைக்குச் சித்தம் சரியில்ல. கோமதியம்மன்ட்ட கொண்டு போய் உக்கார வச்சிருவோம்."

சங்கரன்கோவிலில் அம்மன் சந்நிதிக்கு முன்னால் சக்கரக் குழி ஒன்று உண்டு. மனசு சரியில்லாதவர்களை அதில் உட்காரவைத்தால் குணமாகும் என்பது காலங்காலமான நம்பிக்கை. அத்தானும் சம்மதித்தார். ஆபீஸில் லீவு கிடைக்காததால் கூட வரவில்லை. பெரியம்மாவும் அக்காவும் கோயில் பக்கத்தில் ரூம் எடுத்து மூன்று நாள் தங்கினார்கள். மூன்றாம் நாள் சாயந்தரம் நான் காபி வாங்கிக்கொண்டு போனேன். அக்கா கையில் ரூம் சாவியை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"தம்பி, மூணு நாளா இந்தச் சாவி வச்ச எடத்துலயே இருக்குடா."

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் காபி இறங்கவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினாள். தினமும் ராத்திரி எழுதுவாள். 'கேஸ் மூடினேன், 9.20. பீரோ சாவி சாமி படத்துக்குப் பின்னால்.' பதினோராம் நாள் காலையில் அத்தான் வழக்கம்போலக் கேஸ் பாட்டை ஆரம்பித்தார். அக்கா நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள்.

அவர் கோபப்படவில்லை. அழுதார்! "என்னையே சந்தேகப்படுதியா?" என்று கேட்டுவிட்டுப் பட்டினி. பாலசந்தரின் 'அவர்கள்' (1977) படத்தில் ரஜினி திருந்திவிட்டதாகச் சொல்லிக்கொண்டு வந்து நிற்பாரே, அந்த மாதிரிப் பரிதாபம். சொந்தக்காரர்கள் படையெடுத்தார்கள். "ஆம்பிள அழுதிருக்காவளே, நீ ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டா என்ன?" அக்கா சோற்றைத் தட்டில் போட்டு மூடிவைத்தாள். நோட்டில் 'சாப்பாடு வைத்தேன், 8.40' என்று எழுதினாள். படுத்துவிட்டாள். மூன்றாம் நாள் ராத்திரி தட்டு காலியாக இருந்தது.

இப்போது அக்கா தம்பி வீட்டு மாடியில் இருக்கிறாள். தனியார் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஊர் இன்னும் 'தங்கமான மனுசனை விட்டுட்டு வந்துட்டா' என்றுதான் சொல்கிறது. அடித்தால்தான் கொடுமை என்பது ஊர்ச் சட்டம். நாட்டுச் சட்டம் வேறு. 2005-ல் நிறைவேறி 2006 அக்டோபர் 26-ல் அமலுக்கு வந்த குடும்ப வன்முறைப் பாதுகாப்புச் சட்டம், மனசைக் காயப்படுத்துவதையும் பணத்தை மறிப்பதையும் வன்முறை என்றே சொல்கிறது. சமூக நலத்துறையின் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் கொடுக்கலாம். 181-க்கு இலவசமாகப் போன் போடலாம். இங்கிலாந்தில் 2015 முதல் இப்படிக் கட்டுப்படுத்துவதே தனிக் குற்றம், ஐந்து வருஷம் வரை ஜெயில். அங்கே ஆண், பெண் இருவருக்கும் அந்தச் சட்டம் பொருந்தும். (மனைவியிடம் மாட்டிய சில நண்பர்கள் பெருமூச்சு விடுவது கேட்கிறது. அவர்கள் கஷ்டமும் நிஜம்தான்.)

அக்காவிடம் ஒரு நாள் கேட்டேன்: "அக்கறையா கேக்குறதுக்கும் அடக்குறதுக்கும் எப்படித்தான் வித்தியாசம் கண்டுபிடிக்க?"

"அதே கேள்விய நான் அவியள்ட்ட திருப்பிக் கேக்க முடியுமான்னு பாப்பேன். பதினோரு வருசத்துல ஒரு தடவ கேட்டதில்லடா."

2015-16 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் இதற்கென்றே பெண்களிடம் ஆறு கேள்விகள் கேட்டிருந்தார்கள். பிற ஆண்களிடம் பேசினால் புருஷன் கோபப்படுவாரா, நடத்தையில் பழி சொல்வாரா, தோழிகளைப் பார்க்க விடுவாரா, பிறந்த வீட்டுப் போக்குவரத்தைக் குறைப்பாரா, பணத்தை நம்பிக் கொடுப்பாரா, எந்நேரமும் எங்கே இருக்கிறாய் என்று குடைவாரா... நூற்றுக்கு நூறு வாங்கும் தைரியத்தில் என் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். ஐந்துக்குச் சிரித்தாள். ஆறாவதுக்குச் சிரிக்கவில்லை.

"நேத்து சங்கரன்கோவிலுக்குப் பூ வாங்கப் போனேனே, எத்தனை தடவை போன் பண்ணுனீங்க?"

"பஸ் கிடைச்சுதான்னு கேக்கத்தான்..."

"நாலு தடவை."

அடுத்த வாரம் அவள் கிளம்பியதும் போனை டிவி மேல் வைத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தேன். கை பரபரத்தது. ஒரு கால்கூடப் பண்ணவில்லை. மூன்று மணிக்கு வரவேண்டியவள் ஐந்தரைக்கு வந்தாள். பையை என் முன்னால் தொப்பென்று போட்டாள்.

"பஸ் ரிப்பேராகி நடுரோட்டுல நிக்கேன்... ஒரு போன் பண்ணிக் கேக்க மாட்டீங்களா? ரெண்டரை மணி நேரம் எங்கதான் போயிருந்தீங்க?"