ஆவணப்படத் தொகுப்பும் இடைச்செருகலும்

பல ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கி ஒரு நூலைப் பதிப்பிப்பார், முதற்கண் ஒவ்வொரு சுவடியின் இயல்பையும் அறிதல் வேண்டும். பல காலத்தும் பல நாட்டிலும் எடுத்த படச்சுருள்களையும் காணொளிகளையும் இணைத்து ஆவணப்படம் தொகுப்பார்க்கும் இஃது ஒக்கும். அம்மூலங்கள் ஓட்டத்தின் விரைவாலும் திரையின் அளவாலும் வேறுபடுவன. அவ்வேறுபாட்டை நீக்கி ஒன்றாக்குங்கால் சான்று திரியும் வகையினை ஈண்டு ஆராய்வாம்.

முதலாவது விரைவு. பேசாப்படக் காலத்துக் கருவிகள் பெரும்பாலும் கையாற் சுழற்றப்பட்டன. ஆதலின் நொடிக்கு இத்துணைச் சட்டகம் என்னும் உறுதியான வரையறை அவற்றிற்கு இல்லை. பேசும்படம் வந்த பின்னரே 24 என்னும் அளவு நிலைபெற்றது. நொடிக்கு 16 சட்டகமாக எடுத்த ஒரு நிமிடக் காட்சியை 24 ஆக ஓட்டின், அது 40 நொடியில் முடிந்துவிடும். பழங்கால மாந்தர் துள்ளித் துள்ளி நடப்பதாகக் கண்டு நாம் நகைப்பது இதனாலேயாம். அஃது அவர்தம் நடையன்று, ஓட்டுவோர் பிழை.

ஒலிக்கும் இவ்விடர் உண்டு. 24 சட்டகப் படத்தை 25 சட்டகத் தொலைக்காட்சி முறைக்கு விரைவு கூட்டி மாற்றுங்கால், காலம் 4 விழுக்காடு குறையும். சுருதியைத் திருத்தாவிடின் குரலும் சற்றே உயரும். வட்டார வழக்கினைப் பதிந்த அத்தகைய படத்தில் நெடிலின் மாத்திரையை அளக்கப் புகுவார் இதனை அறியாராயின், அவர் காணும் முடிபு பேசினார்க்கு உரியதாகாது, இயந்திரத்திற்கே உரியதாகும்.

இரண்டாவது திரையளவு. 4:3 என்னும் அளவிலமைந்த படத்தை 16:9 திரை முழுதும் இழுத்துப் பரப்பின், மாந்தர் மூன்றில் ஒரு பங்கு மிகுதியாக அகன்று தோன்றுவர். இருமருங்கும் வெற்றிடம் விடுதலே நேரிது.

மூன்றாவது இடைச்செருகல். முதல் உலகப்போர்க் காலப் படச்சுருள்களைக் கொண்டு பீட்டர் சாக்சன் 2018-இல் வெளியிட்ட 'தே சால் நாட் குரோ ஓல்ட்' என்னும் படத்தில், சட்டகங்களுக்கிடையே இல்லாத சட்டகங்கள் கணினியால் ஆக்கிச் சேர்க்கப்பட்டன. வீரர்தம் இயல்பான நடை மீண்டது உண்மையே. ஆயினும் அப்புதுச் சட்டகங்கள் எக்கருவியும் கண்டவை அல்ல. செருகாது விரைவைத் திருத்தல் இயலாதோ எனின், இயலும். உள்ள சட்டகங்களையே ஏற்றவாறு மீளக் காட்டலாம். இயக்கம் சற்றே தடைப்படும். எனினும் காட்டுவன யாவும் கருவி கண்டவையே.

ஆகவே, மூலத்தைச் சிதையாது தனியே காத்தலும், அதன் விரைவையும் திரையளவையும் குறித்து வைத்தலும், செய்த மாற்றம் ஒவ்வொன்றையும் பதிவு செய்தலும் தொகுப்போர் கடனாம். பாடத்தைத் திருத்திய பதிப்பாசிரியர் மூல பாடத்தை அடிக்குறிப்பில் தருவர். அந்நேர்மையே ஆவணப்படத்தைச் சான்றாக்கும் என்பது எம் துணிபு.