சீன மடக்கு இருக்கை

சீன மடக்கு இருக்கை என்பது குறுக்காக இணைந்த கால்களைக் கொண்ட, சாய்மானம் இல்லாத, மடித்து எடுத்துச் செல்லத்தக்க இருக்கை ஆகும். இது சீன மொழியில் சியாவூ எனப்படுகிறது.

வரலாறு

பண்டைய சீனர் தரையில் பாய் விரித்து அமர்ந்தனர். கி.பி. 2ஆம் நூற்றாண்டளவில் வடக்கு, மேற்குத் திசை அயலாரிடமிருந்து இவ்விருக்கை சீனாவை அடைந்தது. அவ்வயலாரைக் குறிக்கும் 'ஹூ' என்னும் சொல்லால் இது ஹூசுவாங் எனப்பட்டது. கிழக்கு ஹான் பேரரசர் லிங் (ஆட்சி: 168-189) இதனை விரும்பினார் என்று வரலாற்று நூல் குறிப்பிடுகிறது. உயரமான இருக்கையில் அமரும் வழக்கம் சீனாவில் பரவியதற்கு இது ஒரு முன்னோடியாகும்.

அமைப்பு

எளிய வகையில் எட்டு மரத்துண்டுகளே உள்ளன: நான்கு கால்கள், மேலே இரு சட்டங்கள், தரையில் இரு சட்டங்கள். கால்கள் குறுக்கிடும் இடத்தில் உலோக அச்சாணி செல்கிறது. துளையினால் அவ்விடம் வலுவிழக்கும் என்பதால், உருண்டையான கால்கள் பலவற்றில் அப்பகுதி மட்டும் சதுரமாக விடப்பட்டிருக்கும். மேற்சட்டங்களுக்கு இடையே பின்னப்பட்ட கயிறு, அமர்பவரின் எடையால் கால்கள் மேலும் விரியாமல் தடுக்கிறது.

மரம்

மிங் காலத்தின் பிற்பகுதியைச் சேர்ந்த உயர்தர இருக்கைகள் ஹுவாங்ஹுவாலி மரத்தால் ஆனவை. ஹைனான் தீவில் வளரும் இம்மரம், தமிழகத்தின் ஈட்டி மரம் அடங்கிய டால்பெர்சியா பேரினத்தைச் சேர்ந்தது. அடிக்கடி மடித்துச் சுமந்து செல்லப்பட்டதால் இவ்விருக்கைகள் விரைவில் தேய்ந்தன; எனவே எஞ்சியவை குறைவு. கயிற்றுப் பின்னல் மரத்தைப் போல் நீடிப்பதில்லை. ஆதலால் பழைய இருக்கைகளிலும் அது பெரும்பாலும் பின்னர் மாற்றப்பட்டதாகவே இருக்கும்.