பாறையைப் புரட்டும் நான்கு பேர்

விளையில் ஒரு பெரிய கல் கிடக்கிறது. அதை ஒருவரால் புரட்ட முடியுமா? முடியாது. நாலு பேர் சேர வேண்டும். தடியை அடியில் கொடுத்து நெம்ப வேண்டும். அம்பூரி மலைச்சரிவில் பாடுபடுகிறவர்களுக்கு இது தெரியும்.

சென்னை மெரினா கடற்கரையில் இதே வேலையைக் காட்டும் ஒரு சிலை உண்டு. நான்கு ஆண்கள். மேலே சட்டை இல்லை. பெரிய பாறையை நெம்புகிறார்கள். முதுகிலும் தொடையிலும் தசை முறுக்கி நிற்கிறது. இதுதான் உழைப்பாளர் சிலை.

இதைச் செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. வங்காளத்துக்காரர். 1899இல் பிறந்தார். மல்யுத்தமும் பழகியவர். உடம்பு எப்படி முறுக்கேறும் என்பது அவருக்குத் தெரியாதா என்ன! சென்னை அரசு கலைப் பள்ளிக்குத் தலைவரான முதல் இந்தியர் அவரே. அந்தப் பள்ளியின் இரவுக் காவலாளி ஒருவரையும், மாணவர் ஒருவரையும் நிற்க வைத்துப் பார்த்தே சிலை செய்தார் என்று சொல்வார்கள்.

பிரான்சு நாட்டில் ரோடின் என்ற சிற்பி இருந்தார். அவரும் இப்படித்தான். ஒரு படைவீரரைப் பார்த்து ஓர் ஆள் உயரச் சிலை செய்தார். 1877இல் அதை மக்கள் பார்வைக்கு வைத்தார். உயிருள்ள ஆளின் மேலேயே அச்சு எடுத்துவிட்டார் என்று பழி சொன்னார்கள். அவ்வளவு தத்ரூபம்! பிறகு அந்த நாட்டு அரசே அதை விலைக்கு வாங்கியது. ராய் சௌத்ரிக்கு ரோடினின் வேலை மிகவும் பிடிக்கும்.

வெண்கலச் சிலையை உளியால் செதுக்குவதில்லை. செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது வெண்கலம். முதலில் களிமண்ணில் உருவம் செய்வார்கள். அதிலிருந்து அச்சு எடுப்பார்கள். உருக்கிய வெண்கலத்தை அச்சில் ஊற்றுவார்கள். ஆறியதும் அச்சை உடைத்து எடுப்பார்கள். நம் வீட்டு உருளியும் வார்ப்பு வேலைதான். பெரிய சிலையின் உள்ளே வெற்றிடம் இருக்கும். அதனால் வெண்கலம் மிச்சம். எடையும் குறைவு.

சிலையை அந்தக் கடற்கரையில் வைத்ததும் பொருத்தம்தான். 1923 மே 1 அன்று சிங்காரவேலர் இந்தியாவில் முதன்முதலாக மே தினம் கொண்டாடினார். திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஒரு கூட்டம், உயர்நீதிமன்றத்துக்கு எதிரே உள்ள கடற்கரையில் இன்னொரு கூட்டம். எட்டு மணி நேர வேலை கேட்டு 1886இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் தொழிலாளர்கள் போராடினார்கள். அந்த நினைவு நாளே மே தினம்.

36 ஆண்டுகள் கழித்து, 1959 குடியரசு நாளை ஒட்டி, சிலை திறக்கப்பட்டது. அப்போது முதலமைச்சர் காமராசர்.

சென்னைக்குப் போகிறவர்கள் அண்ணா நினைவிடத்துக்குத் தெற்கே கொஞ்சம் நடந்தால் சிலையைப் பார்க்கலாம். மே தினத்தன்று தொழிற்சங்கத்தார் அங்கே வந்து மாலை போடுவார்கள்.